தம்பி உடையான் கவுன்சிலுக்கு அஞ்சுவான்!

லண்டனில் வெள்ளைக் கவர் வந்தால் பயமில்லை. பாங்க், பல் டாக்டர், அல்லது ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிற பீட்ஸா. பழுப்புக் கவர் என்றால் சர்க்கார். எங்கள் வீட்டு அங்கிள் பழுப்புக் கவரை உடனே பிரிக்க மாட்டார். இரண்டு விரலால் எடுத்துப் பிள்ளையார் படத்தடியில் வைப்பார். தேத்தண்ணி குடிப்பார். கண்ணாடியைத் துடைப்பார். அதற்குள் அன்ரி இரண்டு தடவை "என்னவாம்?" என்று கேட்டிருப்பார்.

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை. நான் மாடியில் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஒருக்காக் கீழ வாரும்."

அங்கிளின் குரலில் ஏதோ சரியில்லை. இறங்கிப் போனேன். பிள்ளையாருக்கு அடியில் கவர் கிழிந்து கிடந்தது. தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

முதலில் வீட்டு நிலவரம். நான் பாளையங்கோட்டைக்காரன். பி.காம்., முதல் வகுப்பு (நம்புங்கள்). பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், இரவில் உங்களுக்கு எழுதுகிறேன். 2021 அக்டோபரிலிருந்து கிழக்கு லண்டனில் இந்த வீட்டின் மாடியறையில் வாடகைக்கு வாசம். சாப்பாட்டோடு மாதம் 520 பவுண்ட். அங்கிளும் அன்ரியும் பருத்தித்துறைக்காரர்கள். அங்கிள் 1991-ல் வந்தவர். இருபத்தைந்து வருஷம் பெட்ரோல் ஷெட்டில் இரவு ஷிஃப்ட். முழங்கால் இரண்டும் போய், இப்போது பென்ஷன். அது போதாததால் 'பென்ஷன் கிரெடிட்' என்று சர்க்கார் கொஞ்சம் மேலே போட்டுத் தருகிறது. அந்தக் கிரெடிட் வாங்குகிற ஏழைப் பென்ஷன்காரர்களுக்கு கவுன்சில் டாக்ஸ் பெரும்பாலும் முழுசாகத் தள்ளுபடி.

கவுன்சில் டாக்ஸ் என்பது நம்மூர் வீட்டு வரிக்கு ஒன்றுவிட்ட தம்பி. (தம்பி என்ற வார்த்தையை இனிமேல் நான் ஜாக்கிரதையாகத்தான் உபயோகிக்க வேண்டும். காரணம் வருகிறது.) நம்மூரில் சொந்தக்காரர் கட்டுவார், இங்கே பெரும்பாலும் குடியிருப்பவர் கட்டுவார். குப்பை, லைப்ரரி, போலீஸ் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இதற்கு முன்னால் 'போல் டாக்ஸ்' என்று தலைக்கு இவ்வளவு என ஒரு வரி போட்டார்கள். 1990 மார்ச் 31-ம் தேதி ட்ரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமே நடந்தது. அந்த வருஷம் நவம்பரில் மார்கரெட் தாட்சர் பதவி விலகியதற்கு அந்த வரியும் ஒரு காரணம். 1993 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். வீட்டின் மதிப்பைப் பார்த்து ஏ முதல் எச் வரை எட்டு வகுப்பு. எந்த மதிப்பு? 1991 ஏப்ரல் 1-ம் தேதி அந்த வீடு என்ன விலை போயிருக்குமோ அது! இங்கிலாந்தில் இன்றைக்கும் அதே 1991 விலைதான் கணக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் திருத்தாமல் லெட்ஜர் வைத்திருந்தால் எங்கள் ஆபீஸில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

கஷ்டப்படுகிறவர்களுக்கு இதில் உதவி உண்டு. 2013 ஏப்ரல் வரை நாடு முழுக்க ஒரே உதவித் திட்டம் இருந்தது. பிறகு மத்திய சர்க்கார் அதைக் கவுன்சில்கள் தலையில் கட்டிவிட்டது. "நீங்களே ஒரு திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, கொடுத்துவந்த பணத்திலும் பத்து சதவிகிதம் குறைத்துக்கொண்டது. அதனால் இளவட்டங்களுக்கு ஊருக்கு ஊர் வேறு விதி. பென்ஷன்காரர்களுக்கு மட்டும் பொது விதி. பெயரும் ஊருக்கு ஊர் மாறும். ஒரு இடத்தில் 'ரிடக்ஷன்', அடுத்த பஸ் ஸ்டாப் தாண்டினால் 'சப்போர்ட்'.

சரி, கவருக்கு வருவோம். விஷயம் இதுதான்: 'உங்களுக்கு 1-10-2021 முதல் அதிகப்படியாகக் கொடுக்கப்பட்ட சப்போர்ட் 1,386 பவுண்ட் 40 பென்ஸ். இது திரும்ப வசூலிக்கப்படும்.'

அன்றைய ரேட்டில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அதிகப்படியாக 'கொடுக்கப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கிள் கையில் ஒரு பென்னி கூட யாரும் கொடுக்கவில்லை. பில்லில் கழித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இப்போது கழித்ததைக் கழித்துவிட்டு, கொடுத்ததைக் கொடு என்கிறார்கள். வாராத பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு பி.காம்.-ல் பாடம் கிடையாது.

அங்கிள் கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, நான் களவெடுத்தனான் எண்டு நினைக்கிறாங்களோ?"

"சேச்சே, என்ன அங்கிள்…"

"இந்த நாட்டுக்கு வந்து முப்பத்திமூண்டு வருஷம். ஒரு நாள் டிக்கெட் எடுக்காமல் பஸ் ஏறேல்லை."

அன்ரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். சனிக்கிழமை இடியாப்பம் அன்றைக்கு அப்படியே பானையில் இருந்தது.

லெட்டரின் நாலாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில் காரணம் இருந்தது. 'வீட்டில் வசிக்கும் வேலை பார்க்கும் சகோதரருக்கான பிடித்தம்.'

சகோதரரா? அங்கிளைப் பார்த்தேன். அன்ரியைப் பார்த்தேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கவுன்சிலுக்கு போன் போட்டேன். நாற்பது நிமிஷம் வயலின். கடைசியில் ஒரு பெண். ரொம்பத் தன்மையாகப் பேசினார். இந்த ஊரில் தலையை வெட்டினாலும் தன்மையாகத்தான் வெட்டுவார்கள். ரெக்கார்டில் அங்கிளின் இளைய சகோதரர் மாடியில் இருக்கிறார் என்று உள்ளது. அவர் வேலை பார்ப்பதால் வாரத்துக்கு இவ்வளவு கழிக்க வேண்டும். பழைய ஃபைல்களை இப்போது சரிபார்த்தபோது விட்டுப்போனது தெரிந்தது. "நீங்கள் யார்?" என்றார். "நான்தான் அந்தச் சகோதரன். ஆனால் சகோதரன் இல்லை" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் டைப் அடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

யார் சொன்னார்கள் இந்த உறவை? அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 2018-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, 'என்னைப் பற்றி உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் கொடு' என்று எந்த ஆபீஸையும் கேட்கலாம். காசு கிடையாது. சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அங்கிள் கையெழுத்தில் ஒரு கடிதம் போட்டோம். இருபத்தாறாம் நாள் ஒரு கட்டு காகிதம் வந்தது. அதில் 2021 அக்டோபரில் பதிவான ஒரு போன் குறிப்பு:

'வாடிக்கையாளர் மொழிபெயர்ப்பாளர் மூலம் தெரிவித்தது: மாடியில் இளைய சகோதரர் 1-10-2021 முதல் வசிக்கிறார். வேலை பார்க்கிறார்.'

நடந்தது புரிந்துவிட்டது. அங்கிளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். ஆனால் சர்க்கார் விஷயம் என்றால் பிழை வந்துவிடக்கூடாது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்பார். நான் குடிவந்த அதே வாரம், நியாயமாக, தானே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார்: "மேல தம்பி ஒராள் வந்து இருக்கிறார். வேலை செய்யிறவர்."

மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்? அகராதிப்படி மிகச் சரியாக மொழிபெயர்த்துவிட்டார்!

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கறிவேப்பிலை விற்பவர் தம்பி. பஸ் டிரைவர் தம்பி. போன மாதம் போய்லர் ரிப்பேர் பண்ண வந்த போலந்துக்காரர் கூடத் தம்பிதான். அத்தனை பேரையும் கணக்கில் சேர்த்தால் அங்கிள் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் பக்கிங்ஹாம் அரண்மனையைத் தாண்டிவிடும்.

இதில் பணம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். விதி இப்படி: வாடகை கொடுத்து இருக்கிற அந்நியன் 'வாடகைக்காரன்'. அவன் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை வருமானமாகப் பார்ப்பார்கள், அவ்வளவே. ஆனால் மகன், மகள், அண்ணன், தம்பி மாதிரி நெருங்கிய உறவினர் கூட இருந்தால், அவர் வாடகையே கொடுத்தாலும் வாடகைக்காரர் ஆக மாட்டார். வேலை பார்க்கிறவரா, வீட்டு வரிக்கு அவர் உதவ மாட்டாரா என்று சம்பளத்தைப் பார்த்து வாரா வாரம் ஒரு தொகையைச் சப்போர்ட்டில் பிடிப்பார்கள். என் கணக்கில் சராசரி பதினோரு பவுண்ட் சொச்சம். நூற்று இருபத்தோரு வாரம். பெருக்கிப் பாருங்கள். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பணம் எந்தப் பத்திரிகையும் எனக்குக் கொடுத்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால் பென்ஷன் கிரெடிட் ஆபீஸுக்கு நான் வாடகைக்காரன். என் வாடகை அங்கிளின் வருமானமாக அங்கே ஏறியிருக்கிறது. கவுன்சிலுக்கு நான் தம்பி. ஒரே ஆள், ஒரே மாடி, இரண்டு லெட்ஜர்.

'தம்பி இல்லை என்று எழுதிப் போட்டால் முடிந்தது' என்றுதான் நானும் நினைத்தேன். மறுபடி போன் பண்ணினேன். இந்தத் தடவை ஒரு ஆண். "ஸார், குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிறதே?" என்றார்.

ஐயோ!

நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்காரன் கேட்டான் என்று அப்பா பெயரைக் கடைசியில் போட்டோம். என் அப்பாவுக்கு முருகன் பெயர். தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அங்கிளின் அப்பாவுக்கும் அதே முருகன் பெயர்தான். நாங்கள் கடைசியில் 'ன்' போடுவோம், அவர்கள் 'ம்' போடுவார்கள். அந்த ஒற்றைப் புள்ளியெழுத்துதான் இந்தியப் பெருங்கடல். கவுன்சில்காரர் அதை டைப்பிங் மிஸ்டேக் என்று நினைத்துவிட்டார். பிறப்புச் சான்றிதழ் அனுப்பினாலோ விவகாரம் இன்னும் முற்றும். தகப்பனார் பெயர்: அதே. இருவரும் ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்று நாங்களே ஆதாரம் கொடுத்த மாதிரி ஆகும்.

"பணத்தை நான் கட்டிடறேன் அங்கிள். என்னாலதானே வந்தது?" என்றேன் அன்றிரவு.

"நீர் ஏன் கட்டவேணும்? பேசாமல் சாப்பிடும்."

நான் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அன்ரி பார்த்த பார்வையில் அதை ரசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அந்த வாரம் கவுன்சிலிலிருந்து ஒரு படிவம் வந்தது. நான் போனில் கத்தியதன் பலன். வீட்டில் இருப்போர் விவரம், உறவுமுறை, சம்பளம் என்று வழக்கமான கட்டங்கள். எழுத உட்கார்ந்தோம். அங்கிள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'உங்கள் சகோதரர் தற்போது உங்களுடன் இல்லை என்றால், அவர் வீட்டை விட்டுச் சென்ற தேதியையும், தற்போதைய விலாசத்தையும் தருக.'

வாய்விட்டுப் படித்துவிட்டேன். படித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

ஹாலில் டி.வி.க்கு மேலே ஒரு போட்டோ உண்டு. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு வாலிபர். மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். யார் என்று ஒரு தடவை அன்ரி தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார். 1996-ல் யாழ்ப்பாணத்தில் ஆர்மி வந்த பிறகு காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில். அதில் ஒருவர். காலையில் சைக்கிளில் போனவர்.

"தேதி தெரியும்" என்றார் அங்கிள். "விலாசம்தான்…"

பேனாவை மூடி வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "எனக்குத் தம்பி இல்லையெண்டு மட்டும் எழுதாதையும். அது நான் ஒரு இடத்திலயும் எழுதேல்லை. ஊரில மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கச் சொல்லிக் கேட்டவங்கள். அதுக்கும் நான் சைன் வைக்கேல்லை."

ஆக, நிலைமை இது. 'இவர் என் தம்பி இல்லை' என்று ஒரு வரி எழுதினால் 1,386 பவுண்ட் மிச்சம். அங்கிள் என்னைப் பற்றி அப்படி எழுதத் தயார். ஆனால் கவுன்சில் கேட்பது அவருடைய தம்பியைப் பற்றி. அதற்கு எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை.

படிவத்தைத் தள்ளி வைத்தேன்.  இங்கே ஒவ்வொரு ஊரிலும் 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்று இலவச ஆலோசனை மையம் உண்டு. அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பாட்டி வயசில் ஒரு தொண்டர். காதில் பெரிய வளையம். முழுக்கதையும் கேட்டுவிட்டு, "பிரிவு பதினாறு" என்றார், நம்மூர் டாக்டர் குரோசின் என்று சொல்கிற மாதிரி.

1992-ம் வருஷ உள்ளாட்சி நிதிச் சட்டம், பிரிவு 16. 'உங்கள் முடிவு தப்பு, காரணம் இன்னது' என்று கவுன்சிலுக்கு எழுத்தில் போட வேண்டும். அவர்களுக்கு இரண்டு மாதம் அவகாசம். பதில் பிடிக்காவிட்டாலோ, பதிலே வராவிட்டாலோ, 'வேல்யுவேஷன் ட்ரைப்யூனல்' என்கிற தனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கும் கெடு உண்டு. பதில் வந்தால் அந்தத் தேதியிலிருந்து இரண்டு மாதம். வராவிட்டால் நாம் முதலில் எழுதியதிலிருந்து நாலு மாதம். ஃபீஸ் கிடையாது. வக்கீல் தேவையில்லை. போனில் கத்தினால் அப்பீல் ஆகாது, எழுத்து வேண்டும். நான் வயலின் கேட்ட மணி நேரமெல்லாம் வீண்.

இன்னொரு விஷயமும் பாட்டி சொன்னார். 'நாங்கள் சரியாகச் சொன்னோம், நீங்கள்தான் இரண்டு வருஷம் தூங்கினீர்கள்' என்ற வாதம் 'ஹவுசிங் பெனிஃபிட்' என்ற வாடகை உதவியில் நன்றாக எடுபடும். ஆபீஸ் தப்பு, அது தப்பென்று நமக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்றால் அங்கே வசூலிக்க முடியாது. கவுன்சில் டாக்ஸில் அந்தக் காப்பு ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகவே அதை இரண்டாவது காரணமாக வை, முதல் காரணம் 'உறவினர் இல்லை' என்பதாக இருக்கட்டும் என்றார். நான் அதுவரை நேர் எதிராக எழுதி வைத்திருந்தேன்.

அப்பீல் போட்டாலும் பில்லைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், அது நிற்காது. கட்டாவிட்டால் முதலில் நினைவூட்டல். பிறகு மாஜிஸ்ட்ரேட் கோர்ட் சம்மன், அதன் செலவும் நம் தலையில். பிறகு ஜப்தி ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். அங்கிள் தவணை கேட்டு வாங்கிக்கொண்டார். ஏப்ரலிலிருந்து மாதம் 115 பவுண்ட் 53 பென்ஸ், பன்னிரண்டு மாதம். (பன்னிரண்டால் பெருக்கினால் நாலு பென்ஸ் இடிக்கிறது. கடைசித் தவணையில் சேர்த்திருந்தார்கள். அதை மட்டும் பாராட்டினேன்.) ஒவ்வொரு மாதமும் முதல் தேதியே கட்டினார். அந்த மாதங்களில் வீட்டில் மீன் வாங்கவில்லை. அன்ரி "டாக்குத்தர் மீன் கூடாதெண்டவர்" என்றார். எந்த டாக்டர் அப்படிச் சொல்வார்?

மார்ச் கடைசியில் கடிதம் எழுதினேன். தம்பி என்ற சொல்லே வரவில்லை. 'மாடியில் இருப்பவர் வாடகைக்காரர். எனக்கு எந்த வகையிலும் நெருங்கிய உறவினர் அல்லர்.' முடிந்தது. அங்கிள் அதை மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆதாரம்? இருபத்தெட்டு மாத பாங்க் ஸ்டேட்மென்ட், ஒவ்வொன்றிலும் 520-க்கு மஞ்சள் கோடு. பென்ஷன் கிரெடிட் லெட்டர், என் வாடகை வருமானமாகக் காட்டியிருக்கும் பக்கம். அப்புறம் பெயர் விவகாரம். அங்கேதான் பி.காம். கைகொடுத்தது. கூட்டல் கழித்தல்தானே நமக்குத் தெரிந்த ஒரே கலை?

அன்ரி அலமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். அங்கிள் குடும்பத்தின் பூர்வோத்தரம் மொத்தமும் அதில். அவருடைய பிறப்புப் பத்திரம்: 1952. அவர் அப்பாவின் மரணப் பத்திரம்: 1974, பருத்தித்துறை. என் தரப்பில் அப்பாவின் பாஸ்போர்ட் ஜெராக்ஸ்: பிறப்பு 1958, பாளையங்கோட்டை. நான்: 1988.

எழுதினேன்: 'எங்கள் இருவருக்கும் ஒரே தகப்பனார் என்று வைத்துக்கொள்வோம். அவர் என் தகப்பனார் என்றால், தான் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பே மூத்த மகனைப் பெற்றிருக்க வேண்டும். அவர் வீட்டுக்காரரின் தகப்பனார் என்றால், காலமாகிப் பதினாலு வருஷம் கழித்து என்னைப் பெற்றிருக்க வேண்டும். இதில் கவுன்சில் எதை நம்புகிறது என்று தெரிவிக்கக் கோருகிறோம்.'

சிட்டிசன்ஸ் அட்வைஸ் பாட்டி கடைசி வாக்கியத்தை அடித்துவிடச் சொன்னார். மரியாதையாக இல்லையாம். மனசில்லாமல் அடித்தேன்.

ரெக்கார்டட் டெலிவரியில் போட்டு ரசீதைப் பிள்ளையார் படத்தில் செருகினோம். ஏப்ரல் போயிற்று. மே போயிற்று. பதில் இல்லை. ஜூனில் ட்ரைப்யூனலுக்கு அப்பீல் அனுப்பினேன். அங்கே தீர்ப்புச் சொல்பவர்கள் சம்பளமில்லாத உள்ளூர்த் தொண்டர்கள், சட்டம் தெரிந்த கிளார்க் ஒருவர் உதவிக்கு இருப்பார். அக்டோபரில் விசாரணை என்று தேதி வந்தது. அங்கிள் கோட்டை டிரை கிளீனிங்குக்குப் போட்டார். விசாரணை வீடியோவில்தான், இடுப்புக்கு மேல்தான் தெரியும் என்றேன். பேன்ட்டையும் சேர்த்தே போட்டார்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் பழுப்புக் கவர். பிள்ளையார், தேத்தண்ணி, கண்ணாடி. பிறகு கத்திரிக்கோல்.

'மேலும் கிடைத்த தகவல்களின் அடிப்படையில்' (கிடைத்து ஆறு மாதம் ஆகிறது) 'சகோதரருக்கான பிடித்தம் ரத்து செய்யப்படுகிறது.' மன்னிப்பு என்ற சொல் லெட்டரில் இல்லை. இரண்டு பக்கமும் புரட்டித் தேடினேன். மாடியில் 'உறவினரல்லாத வாடகைக்காரர் ஒருவர்' என்று பதிவு திருத்தப்பட்டிருந்தது.

கட்டிய ஆறு தவணை, 693 பவுண்ட் 18 பென்ஸ், தானாகத் திரும்பி வராது. வரவு என்று பில்லில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். கேட்க வேண்டும். கேட்டோம். ஆறு வாரத்தில் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை விளைமீன் குழம்பு. டாக்டர் மனசு மாறிவிட்டார் போலிருக்கிறது.

இதற்குப் பத்து நாள் கழித்து, சாயந்திரம் நான் ஆபீஸிலிருந்து வந்து மாடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழே போன். கவுன்சிலில் இருந்து, ஃபைலை முடிக்க ஒரு சின்ன உறுதிப்படுத்தலாம். உரையாடல் பதிவு செய்யப்படும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அங்கிள் இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளர் கேட்கவில்லை. இங்கிலீஷில், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினார். மாடியில் இருப்பவர் லாட்ஜர். உறவு கிடையாது. பெயர் ஒற்றுமை தற்செயல். நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வக்கீல் தோற்றார், போங்கள்.

"தேங்க் யூ, ஹோல்ட் பண்ணுங்கள், ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன்" என்றது போன்.

அங்கிள் ரிசீவரைக் காதில் வைத்தபடியே மாடிப்படி பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்:

"தம்பீ! சாப்பாடு ஆறுது, கெதியா வாரும்!"